அபராதம் கட்டினால் வழக்கு முடிந்ததா? ஆயுசுக்கும் துரத்தும் போலீஸ் பதிவு: நீக்க வழி என்ன?

சிவகாசி பக்கம் ஒரு கிராமம். ஊர் பெயர் வேண்டாம். 2019-ம் ஆண்டு மாரியம்மன் கோவில் பொங்கல் திருவிழாவில் ரேடியோ செட்டில் யார் பாட்டு போடுவது என்று தகராறு. வாய்த்தகராறு கைகலப்பு ஆனது. ஒருவருக்கு உதடு கிழிந்தது. மறுநாள் காலையில் போலீசில் புகார். 4 வாலிபர்கள் மீது வழக்குப்பதிவு. ஆபாசமாக திட்டியதாக 294(பி), கையால் அடித்ததாக 323, மிரட்டியதாக 506(1). நம்ம ஊரில் எந்த அடிதடிக்கும் வழக்கமாக போடுகிற பிரிவுகள்தான்.

4 பேருக்கும் 19, 20 வயசு. அதில் ஒருவன் என் சித்தப்பா மகன். அதனால் இந்த வழக்கு முழுக்க எனக்கு தெரியும்.

2021-ல் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டில் இருந்து சம்மன் வந்தது. கோர்ட்டு வராண்டாவில் நின்ற ஒருவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். "தம்பி, குற்றத்தை ஒத்துக்கிட்டா ஆளுக்கு ஆயிரம் ரூபா அபராதம். இன்னைக்கே முடிஞ்சிரும். இல்லேன்னா வாய்தா வாய்தான்னு வருஷக்கணக்கா அலையணும்."

அச்சாபீசில் தினக்கூலிக்கு வேலை பார்க்கிற பையனுக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. 3 பேர் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினார்கள். "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று சந்தோஷமாக ஊர் திரும்பினார்கள். சித்தப்பா மகன் மட்டும் கட்டவில்லை. காரணம் சட்ட அறிவு எல்லாம் கிடையாது. "என் மகன் யாரையும் அடிக்கல. அடிச்சேன்னு எதுக்கு ஒத்துக்கணும்?" என்று எங்க சித்தி பிடிவாதம் பிடித்ததுதான்.

அந்த பிடிவாதத்தின் மதிப்பு 3 வருஷம் கழித்துதான் தெரிந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தார்கள். 4 பேரில் 2 பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவன் எங்க பையன், இன்னொருவன் அபராதம் கட்டியவன். போலீஸ் சரிபார்ப்பு அறிக்கை கேட்டார்கள். அபராதம் கட்டியவனுக்கு வந்த அறிக்கையில் "தண்டனை பெற்றவர்" என்று இருந்தது. அவன் ஆடிப்போய் விட்டான். "ஜெயிலுக்கே போகலியே அண்ணே, எப்படி தண்டனை?" என்று எனக்கு போன் பண்ணினான்.

ஜெயிலுக்கு போனால்தான் தண்டனை என்று நம்மில் பாதிப்பேர் நினைக்கிறோம். குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டப்படி அதுவும் தண்டனைதான். 100 ரூபாய் என்றாலும் தண்டனைதான். அதுமட்டும் இல்லை, தானே ஒத்துக்கொண்ட வழக்கில் "நான் குற்றவாளி இல்லை" என்று அப்பீல் போகவும் முடியாது. அபராதம் ஜாஸ்தி, தண்டனை சட்டப்படி சரியில்லை என்று மட்டும்தான் அப்பீல் போகலாம். சீட்டாடினான், பொது இடத்தில் ரகளை பண்ணினான் என்று போடுகிற சின்ன வழக்குக்கும் இதே கதைதான்.

நம் நாட்டில் 'சீல்' கிடையாது

வெளிநாடுகளில் பழைய குற்றப்பதிவை மூடி சீல் வைக்க தனி சட்டமே இருக்கிறது. நம்மூர் ஆட்கள் வேலைக்கு போகிற சிங்கப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2005 முதல், 3 மாதத்துக்கு மேல் போகாத ஜெயில் அல்லது 2 ஆயிரம் சிங்கப்பூர் டாலருக்கு மேல் போகாத அபராதம் என்றால், 5 வருஷம் வேறு வம்பு தும்பு இல்லாமல் இருந்தாலே பதிவு தானாக காலாவதி ஆகிவிடும். எல்லா குற்றத்துக்கும் இது பொருந்தாது, சின்ன குற்றத்துக்குத்தான். அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் 2024 நவம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, சிறு குற்றத்துக்கு 3 ஆண்டு, பெரும்பாலான பெரிய குற்றத்துக்கு 8 ஆண்டு கழித்து தானாக சீல் வைக்க வேண்டும். மனுவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

இந்தியாவில் 18 வயது தாண்டியவர்களுக்கு இப்படி ஒரு சட்டம் இல்லை. 2024 ஜூலை 1-ந்தேதி 3 புது கிரிமினல் சட்டங்கள் வந்தன. அதிலும் இல்லை. 'இத்தனை வருஷம் ஒழுங்காக இருந்தால் பழசை மறந்துவிடலாம்' என்று ஒரு வரி கூட கிடையாது. பிரிவுகளின் நம்பர்தான் மாறியது.

18 வயதுக்குள் இருந்தபோது வந்த வழக்கு என்றால் மட்டும் கதை வேறு. 2015-ம் ஆண்டு இளைஞர் நீதி சட்டத்தின் 24-வது பிரிவுப்படி, சிறுவனாக இருந்தபோது நடந்ததை வைத்து பின்னாளில் எந்த தகுதி இழப்பும் வரக்கூடாது. பதிவுகளை குறிப்பிட்ட காலத்துக்கு பிறகு அழித்துவிட வேண்டும். அதே சட்டத்தின் 74-வது பிரிவு, வழக்கு முடிந்துவிட்டால் நன்னடத்தை சான்றிதழுக்காக அந்த பதிவை போலீசார் வெளியே சொல்லக்கூடாது என்கிறது. 16 வயதுக்கு மேல் மிகக்கொடிய குற்றம் செய்து பெரியவர்களைப்போல விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விலக்கு. உங்க வீட்டு பையன் மீது 17 வயசில் வழக்கு இருந்து, இப்போது சரிபார்ப்பில் அது வெளியே வந்தால், இந்த 2 பிரிவையும் எழுதி எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

18 தாண்டியவர்களுக்கு மிச்சம் இருப்பது சுற்று வழிகள்தான்.

294(பி) என்ற முட்டுக்கட்டை

சின்ன வழக்கில் முதல் வழி சமரசம். அடித்தவனும் அடி வாங்கியவனும் ராசியாகிவிட்டால் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டிலோ, மக்கள் நீதிமன்றத்திலோ முடித்துக்கொள்ளலாம். பழைய சட்டத்தில் 320-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 359-வது பிரிவு. இப்படி முடிந்தால் அது விடுதலைக்கு சமம் என்று சட்டமே சொல்கிறது. 323, 341, 506(1) எல்லாம் சமரசத்துக்கு உரிய பிரிவுகள்.

ஆனால் 294(பி) அந்த பட்டியலில் இல்லை. கெட்ட வார்த்தை பேசினான் என்கிற பிரிவு அது. அதிகபட்ச தண்டனையே 3 மாதம்தான். அடித்ததற்கு சமரசம் உண்டு, திட்டியதற்கு கிடையாது! புது சட்டத்தில் இது 296 ஆக மாறியது. அதற்கும் சமரசம் கிடையாது. நம்ம பக்கம் எந்த அடிதடி வழக்கிலும் இந்த பிரிவு முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த ஒரு பிரிவுக்காகவே, ராசியாகிவிட்ட 2 குடும்பமும் ஐகோர்ட்டு வரை போக வேண்டியிருக்கிறது. என் பார்வையில் ஏழை வீட்டு பிள்ளைகளின் பதிவு நீங்காமல் கிடப்பதற்கு பெரிய காரணம் இந்த பிரிவுதான்.

ஐகோர்ட்டில் என்ன நடக்கும்?

எப்.ஐ.ஆரையோ குற்றப்பத்திரிகையையோ ரத்து செய்கிற அதிகாரம் ஐகோர்ட்டுக்குத்தான். முன்பு 482-வது பிரிவு, இப்போது 528. விருதுநகர், மதுரை, திண்டுக்கல், நெல்லை, திருச்சி, தஞ்சை உள்பட தென்மாவட்ட ஆட்கள் 2004-ல் தொடங்கிய மதுரை கிளைக்கு போகலாம். சென்னை போக வேண்டாம். ஒத்தக்கடை பஸ் ஏறினால் போதும்.

மனுவில் முதல் எதிர்மனுதாரர் சம்பந்தப்பட்ட போலீஸ் இன்ஸ்பெக்டர். 2-வது எதிர்மனுதாரர் புகார் கொடுத்தவர். கூடவே எப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை போட்டிருந்தால் அதன் நகல், வக்காலத்து. எப்.ஐ.ஆர். நகல் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகள் தவிர மற்ற எப்.ஐ.ஆர். எல்லாம் 24 மணி நேரத்தில் இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் பார்த்து எடுக்கலாம். இன்னொன்று, சி.எஸ்.ஆர். ரசீது வேறு, எப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆரை கையில் வைத்துக்கொண்டு 'என் மேல கேஸ் இருக்கு' என்று பயந்து திரிகிறவர்களும் இருக்கிறார்கள்.

சமரசம் என்றால் கூட்டு சமரச மனு ஒன்று போட வேண்டும். 2 தரப்பும் ஆதார் போன்ற அடையாள அட்டையோடு நீதிபதி முன்பு நிற்க வேண்டும். 'யாராவது மிரட்டி கையெழுத்து வாங்கினாங்களா?' என்று நீதிபதி கேட்பார். புகார்தாரர் தாமாக முன்வந்து சொன்னதாக திருப்தி ஆனால் ரத்து. 2012-ல் கியான் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்த வழியை உறுதி செய்தது. கொலை, கற்பழிப்பு, கொள்ளை போன்றவற்றில் சமரசம் செல்லாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

சமரசம் இல்லாவிட்டாலும் வேறு காரணங்கள் உண்டு. எப்.ஐ.ஆரில் சொன்னது அத்தனையும் உண்மை என்றே வைத்தாலும் குற்றம் ஆகாது என்றால் ரத்து கேட்கலாம். காலம் கடந்து குற்றப்பத்திரிகை போட்டிருந்தாலும் கேட்கலாம். அபராதம் மட்டும் விதிக்கிற குற்றத்துக்கு 6 மாதம், ஓராண்டு வரை ஜெயில் உள்ள குற்றத்துக்கு ஒரு வருஷம், 3 ஆண்டு வரை என்றால் 3 வருஷம். அதற்கு மேல் தாமதமானால் கோர்ட்டு ஏற்கக்கூடாது.

போராட்டம், மறியல் என்று போய் 188-வது பிரிவில் மாட்டியவர்கள் நிறைய. இதற்கு 2018 செப்டம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு முக்கியம். 188-ல் போலீசார் நேரடியாக எப்.ஐ.ஆர். போட்டு வழக்கு நடத்த முடியாது, தடை உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேல் உள்ளவரோதான் கோர்ட்டில் எழுத்துப்பூர்வமாக புகார் கொடுக்க வேண்டும் என்றார். அதை காட்டி ஏகப்பட்ட வழக்குகள் ரத்து ஆகியிருக்கின்றன.

ஊரடங்கில் பைக் எடுத்துப்போய் மாட்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2021 பிப்ரவரியில் அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி, சுமார் 10 லட்சம் ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். அறிவிப்பு வந்ததால் உங்க வழக்கு தானாக போயிருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். கோர்ட்டுக்கு போன வழக்கை வாபஸ் வாங்க அரசு வக்கீல் மனு போட வேண்டும், கோர்ட்டு சம்மதிக்க வேண்டும். உங்க பெயரில் அது நடந்ததா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

செலவு எங்கே போகிறது?

"கோர்ட்டுக்கு எவ்வளவு கட்டணும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. கோர்ட்டுக்கு கட்டுகிற ஸ்டாம்பு கட்டணம் சொற்பம். பணம் போவது வக்கீல் பீஸ், டைப்பிங், நகல், பஸ் செலவு, போன நாளின் கூலி, இப்படி. எங்க சித்தப்பா வீட்டில் எல்லாம் சேர்த்து 20 ஆயிரத்தை தாண்டியது. அதில் புகார்தாரரை மதுரைக்கு காரில் அழைத்துப்போய் சாப்பாடு வாங்கிக்கொடுத்த செலவும் உண்டு. அடி வாங்கினவரும் அடிச்சதா சொன்னவரும் ஒரே இலையில் சாப்பிடாத குறைதான்! சில வழக்குகளில் நீதிபதி ஒரு தொகையை சட்ட உதவி நிதிக்கோ வேறு பொதுக்காரியத்துக்கோ கட்டச்சொல்லி ரத்து செய்வதும் உண்டு. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு 1987-ம் ஆண்டு சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத்தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்ப்பதில்லை. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஐகோர்ட்டுக்கு என்றே சட்டப்பணிகள் குழு சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறது. பட்டாசு ஆலைக்கு போகிறவரும் ஆலைத்தொழிலாளர்தான். ஆனால் இதை கேட்டு போகிற ஆளை நான் பார்த்தது குறைவு. 'இலவசம்னா ஒழுங்கா வாதாட மாட்டாங்க' என்ற எண்ணம் நம்மகிட்ட ஊறிப்போச்சு.

போலீஸ் வேலைக்கு போகிறவர்கள் கவனிக்க

வாலிபர்கள் கூட்டமாக மாட்டுகிற இடம் இதுதான். தமிழ்நாடு போலீஸ் பணி விதிகளில் 14(பி) என்று ஒன்று. சந்தேகத்தின் பலனை கொடுத்து விடுதலை செய்தாலும், புகார்தாரர் பிறழ்சாட்சி ஆனதால் விடுதலை ஆனாலும், அவர் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். குற்றமே செய்யவில்லை என்று கவுரவமாக விடுதலை ஆனால்தான் சுத்தம். சரிபார்ப்பு நேரத்தில் வழக்கு நடந்து, பிறகு அப்படி விடுதலை ஆனாலும் அடுத்த தேர்வில்தான் உரிமை கேட்கலாம். 2008-ல் சென்னை ஐகோர்ட்டின் முழு பெஞ்ச் இந்த விதி செல்லும் என்று சொல்லிவிட்டது. சமரசத்தில் முடிந்த விடுதலையை போலீஸ் தேர்வுக்குழு ஏற்க மறுத்தால் அதில் தப்பில்லை என்று 2013-ல் டெல்லி போலீஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் கூறியது.

அதைவிட பெரிய தவறு மறைப்பது. 'உங்கள் மீது வழக்கு உண்டா?' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். 2016-ல் அவதார் சிங் வழக்கில் 3 நீதிபதிகள் பெஞ்ச், இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம் என்று சொன்னது. ஆனால் அதுவும் அவர்கள் இஷ்டம்தான். வழக்கை காரணம் காட்டி நிராகரித்தால் வாதாட இடம் இருக்கிறது. மறைத்தான் என்று நிராகரித்தால் வாதம் பாதியில் நின்றுவிடும். ரத்தான வழக்கையும் 'இருந்தது, இந்த தேதியில் ரத்து' என்று எழுதுவதே பாதுகாப்பு.

பாஸ்போர்ட்டு விஷயத்தில் வீண் பயம்தான் அதிகம். எப்.ஐ.ஆர். மட்டும் இருந்தால் அது தடை இல்லை என்று ஐகோர்ட்டுகள் பலமுறை கூறியுள்ளன. குற்றப்பத்திரிகையை கோர்ட்டு ஏற்று வழக்கு நடந்தால், அந்த கோர்ட்டிலேயே மனு போட்டு அனுமதி வாங்கலாம். 1993-ம் ஆண்டு மத்திய அரசு அறிவிப்பாணை அதற்கு வழி செய்கிறது. தண்டனையிலும், 5 ஆண்டுக்குள் 2 வருஷமோ அதற்கு மேலோ ஜெயில் தண்டனை பெற்றிருந்தால்தான் மறுக்க முடியும். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்கு பாஸ்போர்ட்டு போகாது.

இணையத்தில் தேடினால் பெயர் வருகிறதே என்பது இன்னொரு தொல்லை. விடுதலை ஆன ஒருவர், தீர்ப்பில் தன் பெயரை மறைக்கக்கோரி சென்னை ஐகோர்ட்டுக்கு போனார். 2021 ஆகஸ்டில் தனி நீதிபதி, சட்டம் இல்லாமல் உத்தரவிட முடியாது என்று தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் 2 நீதிபதிகள் பெஞ்ச் மறைக்கச் சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவுக்கு தடை விதித்தது.

உத்தரவு வந்த பிறகுதான் வேலையே

சித்தப்பா மகனுக்கு 2022-ல் சமரசத்தின்பேரில் வழக்கு ரத்து ஆனது. வீட்டில் பாயாசம் வைத்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் வேலைக்காக 500 ரூபாய் கட்டி போலீஸ் சரிபார்ப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தான். வந்த அறிக்கையில் 'வழக்கு நிலுவையில் உள்ளது' என்று இருந்தது!

விசாரித்துப் பார்த்தால் விஷயம் எளிது. ஐகோர்ட்டு உத்தரவு நகல் போலீஸ் நிலைய பதிவுக்கு ஏறவே இல்லை. கம்ப்யூட்டரில் வழக்கு அப்படியே நிலுவையில் கிடந்தது. "தபால்ல வரும்" என்று நிலையத்தில் ஒரு பதில். "அனுப்பியாச்சு" என்று இன்னொரு இடத்தில் பதில்.

கடைசியில் உத்தரவின் சான்றளித்த நகல் 3 வாங்கினோம். ஒன்று மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்கு, ஒன்று போலீஸ் நிலையத்துக்கு, ஒன்று எஸ்.பி. அலுவலகத்துக்கு. ஒவ்வொன்றோடும் ஒரு மனு, ஒவ்வொன்றுக்கும் சீல் போட்ட ஒப்புகை. 5 வாரம் கழித்து மறுபடி 500 ரூபாய் கட்டி விண்ணப்பித்தான். அப்புறம்தான் சுத்தமாக வந்தது. இப்போது ஷிப்ட் வேலையில் இருக்கிறான். அந்த உத்தரவு நகலையும் ஒப்புகையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு சித்தி பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

மற்ற 3 பேர் நிலைமைதான் சிக்கல். எங்களுக்கு தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அழைத்துப்போனேன். 'அன்னைக்கே குற்றவாளிகள் நன்னடத்தை சட்டம் 3-வது பிரிவுல எச்சரிச்சு விடச்சொல்லி கேட்டிருக்கலாம்பா' என்றார். 1958-ம் ஆண்டு சட்டம் அது. அப்படி விட்டிருந்தால் தண்டனையால் வரும் தகுதி இழப்பு இருக்காது, ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அழியாது என்றும் சொன்னார். இப்போது இருக்கிற ஒரே வழி சீராய்வு மனு. விளைவு புரியாமல் ஒத்துக்கொண்டோம் என்று சொல்ல வேண்டும். அதை 90 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். இப்போது போட்டால் ஏன் இத்தனை வருஷம் தாமதம் என்று முதலில் அதற்கு ஒரு மனு, அதற்கு காரணம் காட்ட வேண்டும்.

3 பேரில் 2 பேர் "விடுங்கண்ணே" என்று அச்சாபீசுக்கே போய்விட்டார்கள். ஸ்ரீபெரும்புதூரில் வேலை கிடைக்காத பையன் மட்டும், 2021-ல் தன் மேல் எழுதிய தீர்ப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க கடந்த வாரம் கோர்ட்டில் நகல் மனு போட்டிருக்கிறான். அந்த தீர்ப்பை அவன் இதுவரை ஒருமுறை கூட படித்தது இல்லை.